இடப்பக்கக் கதவு

ரங்கூனில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். பெரும்பாலான கார்கள் ஜப்பானில் ஓடி ஓய்ந்து இங்கே வந்தவை. அதனால் இந்த ஊரில் பெண்டாட்டிக்கு இடப்பக்க சீட். நான் லைசென்ஸ் வாங்கிய பிறகும் எனக்கு அதே சீட்தான். சாவியைக் கேட்டால், "டிராபிக்கப் பாத்தியா?" என்பார் என் வீட்டுக்காரர். பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலையே இல்லை. ஓட்ட வேண்டும் என்ற ஆசை மட்டும் அடங்கவில்லை.

போன வருஷம், ரங்கூனுக்கு வெளியே மாவ்பியில் இருக்கும் அவருடைய பர்மிய சிநேகிதர், உறுமலுக்குப் பேர்போன அமெரிக்க மஸில் கார் ஒன்று வாங்கினார். ரங்கூனின் தாமுவே பகுதியில் எங்கள் ஆட்களோடு வளர்ந்தவர், தமிழ் சரளமாகப் பேசுவார். எங்கள் பழைய காரிலேயே போய்ப் பார்த்தோம். நீண்ட மூக்கும் அகலமான பின்பக்கமுமாக, அந்தக் காலத்து உருவத்தில் செக்கச்செவேலென்று நின்றது. உள்ளே மட்டும் எஞ்சின் இல்லை, பேட்டரி. பெட்ரோலுக்கு வரிசையில் நிற்க வேண்டாம், வீட்டுக் கூரையில் சோலார் இருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "உறுமாத மஸில் காரா?"

"உறுமுமே! ஸ்பீக்கர் இருக்கு," என்றார் சிநேகிதர்.

"ஸ்பீக்கரா? கோயில் திருவிழாவா நடக்குது?"

"இனிமே எல்லாம் இப்படித்தான். ஓட்டிப் பாருங்க," என்று சொல்லி அவர் பின்னால் ஏறிக்கொண்டார்.

நானும் வழக்கம்போல இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். முன்னால் ஸ்டியரிங்! என் வீட்டுக்காரரும் வழக்கம்போல வலப்பக்கம் ஏறி, கையை நீட்டினார். அங்கே பிடிக்க ஒன்றுமில்லை. அமெரிக்கக் காரில் எல்லாம் தலைகீழ் என்பது இருவருக்கும் மறந்தே போயிருந்தது.

"அமலே!" என்று பர்மிய மொழியில் கூவிவிட்டுச் சிரித்தார் சிநேகிதர்.

"இறங்கு, மாறிக்கலாம்," என்றார் இவர்.

"மாட்டேன்."

எனக்கே ஆச்சரியம். பின்னாலிருந்து, "யபாடெ, பரவால்ல, அண்ணியே ஓட்டட்டும்," என்று குரல் வந்தது. அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

பெடலை லேசாகத்தான் மிதித்தேன். ஸ்பீக்கர் உறுமியது, வயல்கள் பின்னால் ஓடின. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வாய்விட்டுச் சிரித்தேன். லாரி ஒன்றை முந்தியபோது இவர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்ததை முந்தியபோது, "இன்னும் கொஞ்சம் மிதி, உறுமட்டும்," என்றார். பொய்ச் சத்தம் என்ற பேச்சே அதற்குப் பிறகு எழவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பினோம். எங்கள் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்தேன். அந்த சீட்டில் என் வீட்டுக்காரர் ஏற்கெனவே உட்கார்ந்து பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார்.

"இது நம்ம காருங்க. ஸ்டியரிங் அந்தப் பக்கம்."

"தெரியும்," என்று சாவியை நீட்டினார். "டிராபிக்க நான் பாத்துக்கிறேன்."