மூடாத ஜன்னல்கள்

ஒரே ஒரு சொல்லைத் தட்டினால் போதுமாம், விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று எந்தக் கம்ப்யூட்டரிலும் எங்கள் கம்பெனியின் புது மென்பொருள் கருவி திறந்துகொள்ளுமாம். லிஃப்டில் யாரோ பேசியதைக் கேட்ட கணக்குப் பிரிவுப் பெண் இப்படித்தான் எங்களிடம் சொன்னாள். அதைச் செய்தவர் எங்கள் பிரிவு ஆள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக மூன்று கம்ப்யூட்டர்களைக் கட்டிக்கொண்டு அழுவதால், அவருக்கு 'மூணு பொட்டி' என்று பேர்.

வெளியீட்டு நாளன்று அவர் வீட்டிலிருந்தார். சாப்பாட்டு மேசையை மூன்று கம்ப்யூட்டர்களும் அடைத்துக்கொள்ள, மனைவி தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள். திரையில் கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னல்களை அவர் மாதக்கணக்கில் மூடுவதே இல்லை. கம்ப்யூட்டர்களில் தூசி துடைக்கக்கூட அவளை விடமாட்டார்.

அவளுக்கு அலுவலகத்தில் புது லேப்டாப் கொடுத்திருந்தார்கள். ஆசையாக அதில் கருவியை நிறுவி, அந்தச் சொல்லைத் தட்டினார். அப்படியொரு கட்டளையே இல்லை என்றது அது.

"ஊரெல்லாம் திறக்குதாம், நம்ம வீட்ல மட்டும் கோவிச்சுக்கிச்சா?" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. தன் ஜன்னல்கள் மூன்றையும் மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தார். மூன்றிலும் அதே பதில்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கருவி எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை அந்த ஜன்னல்களுக்கு என்றோ கையால் சொல்லி வைத்திருந்தார். மூடும்வரை அவை மறக்கவில்லை. நிறுவும்போதே சொல்லவேண்டிய அந்த ஒரு வரியைக் கருவியில் எழுதவே இல்லை. இத்தனை நாள் சோதித்ததும் அதே ஜன்னல்களில்தான்.

இன்னும் சற்று நேரத்தில் வெளியீட்டு விழாவில் மேனேஜர் மேடையேறுவார். கூடியிருப்பவர்கள் அவரவர் கம்ப்யூட்டரில் அங்கேயே நிறுவிப் பார்ப்பார்கள். இவருடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பதும் அதே மேனேஜர் கையில்தான் இருந்தது. அது போனால் பிழைக்க வந்த இந்த நாட்டில் தங்கும் அனுமதியும் போகும். மகளைப் பள்ளியில் சேர்த்து இன்னும் சூடு ஆறவில்லை.

மனைவிக்கு அவர் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. நீங்களாக ஏன் போய்ச் சொல்லவேண்டும், யாராவது கேட்டால் ஏதோ கோளாறு என்று சமாளிக்கலாமே என்றாள். இவர் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். அப்படியொரு கட்டளையே இல்லை என்ற வரியை அவள் மறுபடி படித்தாள்.

"சரி செய்ய எவ்ளோ நேரமாகும்?"

"எழுத அஞ்சு நிமிஷம். மூணுலயும் முதல்லேருந்து சோதிக்கணும்மா. ராத்திரி ஆயிடும்."

"அப்ப நாளைக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்க. அவர் மேடையில நின்னு அசிங்கப்பட்டா அப்புறம் உங்ககிட்ட முகம் கொடுத்துப் பேசுவாரா?" போனை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

அவர் மேனேஜரின் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார். பேசவேண்டிய முதல் வாக்கியத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தபடி சுவரோரம் நின்றார். அவள் போனை வாங்கி, ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.