மகள் என்று ஒரு வரி

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் அந்த பிளக்ஸ் கடையில் பதினான்கு வருடமாக டிசைன் செய்கிறாள் சண்முகவள்ளி. வயது நாற்பத்திரண்டு. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று இந்த ஊர்ச் சுவரில் எது ஏறினாலும் அதில் பாதி அவள் விரல் பட்டு வந்ததுதான்.

அவள் கணினியில் படங்கள் வகை வகையாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். வீட்டுமனை விளம்பரம் என்றால் கோட்டுப் போட்ட ஆண் கையை நீட்டிக் காட்டுவான். மசாலாப் பொடி என்றால் ஒரு பெண் கரண்டியோடு சிரிப்பாள். மூன்று வேளையும் அடுப்பில் வேகிறவள் எதைப் பார்த்து அப்படிச் சிரிக்கிறாள் என்பது சண்முகவள்ளிக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒருமுறை மனை விளம்பரத்தில் கைநீட்டும் இடத்தில் ஒரு பெண்ணை வைத்துக் கொடுத்தாள். "ஏதோ பக்கத்து வீட்டோட சண்டை போடுற மாதிரி இருக்கு, மாத்துங்க" என்றார் வந்தவர்.

பெயர்களின் கதை இதைவிட மோசம். பெண்பிள்ளையின் சடங்குக்கு வைக்கும் பிளக்ஸில் தாய்மாமன் இருப்பார், சித்தப்பா இருப்பார், கறுப்புக் கண்ணாடி மாட்டிய ஒன்றரை வயதுப் பையன்கூட இரு கை கூப்பி நம்மை வரவேற்பான். அந்தப் பிள்ளையைப் பத்து மாதம் சுமந்தவளின் பெயரைத் தேடினால் கிடைக்காது. எத்தனை ஆயிரம் ஆண்களின் பெயர்களை இவள் அடித்திருப்பாள். ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ஊர் வழக்கம், நமக்கென்ன என்று இருந்துவிட்டாள். வழக்கம் தன் வீட்டு வாசலுக்கு வரும்வரை நாம் எல்லோருமே அப்படித்தானே இருக்கிறோம்.

அவளுடைய தாய் பேச்சியம்மாள் இடுப்பு ஒடிந்து மூன்று வருடம் படுக்கையில் கிடந்தார். மலம் அள்ளியதும், புண் வராமல் புரட்டிப் போட்டதும், கஞ்சியை ஊட்டி வாயைத் துடைத்ததும் சண்முகவள்ளிதான். தம்பி பாண்டியராஜ் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கிறான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து, கட்டிலருகே நின்று, "நல்லா பாத்துக்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போவான். கணவன் கமலக்கண்ணன் எட்டு வருடத்துக்கு முன்பே இவளை விட்டுவிட்டுத் திருப்பூரில் வேறொருத்தியோடு குடித்தனம் போனவன். மாமியார் செத்த செய்தி சொல்லியும் வரவில்லை.

பேச்சியம்மாள் இறந்த அன்று தம்பி வேறு கடையில் அவசரமாகப் போஸ்டர் அடித்தான். பிணத்தின் தலைமாட்டில் கிடந்த சண்முகவள்ளி மூன்றாம் நாள்தான் அதைச் சுவரில் பார்த்தாள். அவள் பெயர் இல்லை. துக்கத்தில் விட்டுப்போயிருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குத் தன் கையாலேயே அடிக்கலாம், அம்மாவின் படத்துக்குக் கீழே மகள் என்று ஒரு வரி இருக்கும். ஒரு வருடம் முழுக்க அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

நினைவு நாளுக்கு நான்கு நாள் முன்பு பாண்டியராஜ் கடைக்கு வந்தான். போனில் ஒரு படத்தைக் காட்டினான்.

"இதுலதான் அம்மா சிரிச்ச முகமா இருக்கு. தோள்ல ஏதோ ஒரு கை கிடக்கு பாரு. அத மட்டும் எடுத்துவிட்டுரு."

"யாரு கைன்னு தெரியுதா?"

"யாருதோ. நர்ஸு கையா இருக்கும்."

"என் கைப்பா."

"சரி, அதுக்கென்ன. அஞ்சலி போஸ்டர்ல கை கிடந்தா நல்லாவா இருக்கும்."

சண்முகவள்ளி அழித்தாள். அம்மாவின் சேலைப் பூக்களை நகலெடுத்து நகலெடுத்துத் தன் விரல்களின் மேல் பூசினாள். தாயின் தோளைவிட்டுத் தன் கையைத் தானே எடுக்கச் சொன்னால் எந்த மகளின் நெஞ்சு தாங்கும். அவள் தாங்கினாள். படத்துக்குக் கீழே தன் பெயர் வரப்போகிறதே என்று.

"அடிச்சுக்கக்கா. மகன் பாண்டியராஜ். பேரன் பரணி. பரணி போட்டோவும் வச்சிரு, கூலிங் கிளாஸ் போட்டது. அப்புறம் மருமகன் கமலக்கண்ணன்."

விசைப்பலகையில் விரல்கள் நின்றன.

"அவன் பேரு எதுக்குலே?"

"மருமகன்னு ஒருத்தரு வேணுமில்ல."

"எழவுக்கே வராதவன்."

"வரலேன்னா மருமகன் இல்லேன்னு ஆயிருமா? பேரு இல்லேன்னா பாக்குறவன் ஏன் இல்லேன்னு கேப்பான். உனக்குத்தான் அசிங்கம்."

"என் பேரு இல்லேன்னா எவனும் கேக்க மாட்டானா?"

பாண்டியராஜ் சிரித்தான். "பொம்பள பேர எவன்க்கா போஸ்டர்ல போடுறான்? நாய் காலத் தூக்குற சந்துச் சுவத்துல உன் பேரு கிடந்தா ஒனக்கு மரியாதையா?"

"அம்மா மொகமே அங்கதான கிடக்கு."

கடைக்காரர் பெருமாள்சாமி குறுக்கே வந்தார். "வள்ளி, கஸ்டமர் சொல்றத அடிம்மா. குடும்ப விஷயத்த வீட்ல போயி பேசிக்கங்க."

அடித்தாள். நாற்பது போஸ்டர். மூன்று வயதுப் பரணி கறுப்புக் கண்ணாடியோடு துக்கம் அனுசரித்தான். ஓடிப்போனவன் மருமகனாக நின்றான். மூன்று வருடம் மலம் அள்ளியவள் இந்த உலகத்திலேயே இல்லை.

மறுநாள் காலையில் வேலைக்கு வரும்போது பேகம்பூர் முக்கில் அந்தப் போஸ்டரைப் பார்த்தாள். கமலக்கண்ணன் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. அந்தத் தடித்த எழுத்தைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான்.

அச்சடித்த போஸ்டரில் தேதியோ பெயரோ தப்பாகிவிட்டால், சரியானதைத் துண்டுக் காகிதத்தில் அடித்து அதன்மேல் ஒட்டிவிடுவது அந்தத் தொழிலின் வழக்கம். சண்முகவள்ளி கடைக்குள் நுழைந்ததும் சொன்னாள்: "அண்ணே, துண்டு நாப்பது அடிக்கணும். பேரு திருத்தம்."

"எந்த ஆர்டருக்கு?"

"பேச்சியம்மாள் ஆர்டருக்கு."

பெருமாள்சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி வந்து சத்தம் போடுவானேம்மா."

"கஸ்டமர் சொல்றத அடிங்கண்ணே. இதுக்கு நான்தான் கஸ்டமர்."

அவர் மெஷினைப் போட்டார். மகள் சண்முகவள்ளி. நாற்பது முறை அந்த வரி வெளியே வந்து விழுந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பன்னிரண்டை ஒட்டி முடித்துவிட்டு, மைதாப் பசை வாளியோடு அவள் பேகம்பூர் முக்கில் நின்றாள். எதிரே பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஜெய்தூன் பீவி எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுக்கெல்லாம் ஆம்பளையாள விடக் கூடாதா?"

"செத்தது எங்கம்மா."

ஜெய்தூன் பீவி போஸ்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சண்முகவள்ளி மருமகன் என்ற வரியின் மேல் பசையைத் தடவி, துண்டை வைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். இடுப்பில் போன் அடித்தது. பாண்டியராஜ்.

"என்னக்கா காரியம் பண்ற? பஸ் ஸ்டாண்டு பக்கம் பாத்துட்டு எனக்குப் போன் பண்றாய்ங்க. மாப்ள பேரு எங்கன்னு கேக்குறாய்ங்க."

"திருப்பூர்ல இருக்குன்னு சொல்லு."

"வெளையாடாத. ஆள விட்டு அம்புட்டையும் உரிக்கச் சொல்றேன்."

"உரிச்சா துண்டு மட்டும் வராதுப்பா. போஸ்டரும் சேந்து கிழியும். அம்மா மொகத்தக் கிழிச்சு ரோட்டுல போடுறதுன்னா போடு. அதையும் நாலு பேரு பாக்கட்டும்."

எதிர்முனையில் பாண்டியராஜ் மண்டி ஆள் ஒருவனை அதட்டுவது கேட்டது. லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறார்கள் போல.

"இன்னும் இருபத்தேழு கிடக்கு. வைக்கிறேன்" என்றாள் சண்முகவள்ளி.

பசை ஒட்டிய போனை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த போஸ்டரைப் பார்த்தாள். அது எட்டாத உயரத்தில் இருந்தது. ஜெய்தூன் பீவி கடைக்குள்ளிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து சுவரோரம் போட்டார்.

"ஏறு. நான் புடிச்சுக்கிறேன்."