பூபாலனின் இரண்டாவது மிதி

சாவியைப் போடுவதற்கு முன்பே பூபாலன் பிரேக்கை இரண்டு தடவை மிதித்துவிடுவார். செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறும் பாதத்தால் ஒன்று, இரண்டு. வண்டி சும்மா நின்றுகொண்டுதான் இருக்கும். சமதளம்தான். சக்கரத்துக்கு முன்னால் கல் வேறு கொடுத்திருப்பார். இருந்தாலும் மிதித்தாக வேண்டும். "மொத மிதி எழுப்புறதுக்கு, ரெண்டாவது மிதி நிறுத்துறதுக்கு" என்பார், யாரும் கேட்காமலேயே.

ஜமுனாமரத்தூர் பக்கத்தில் பிக்கப் ஓட்டுகிறவர். சாமை மூட்டை, புளி, பலாப்பழம், ஆடு, சந்தைக்குப் போகிற பெண்கள் என்று எது வந்தாலும் ஏற்றிக்கொண்டு மலையிறங்குவார். ஆள் ஒல்லி. வலது கெண்டைக்கால் மட்டும் இடதைவிடப் பருத்திருக்கிறது என்று அவர் மனைவி ஈஸ்வரி சத்தியம் செய்வாள். பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்து போனாலும் ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கால் தரையை இரண்டு தடவை மிதிக்கும். முன் இருக்கைக்காரர் திரும்பி முறைத்தால், கொசு என்று சொல்லிச் சமாளிப்பார்.

இந்தப் பழக்கத்தைக் கொடுத்தது அவருடைய பழைய வண்டி. அதில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். முதல் மிதியில் பெடல் தன் பாட்டுக்கு உள்ளே போகும், வண்டி எந்தக் கவலையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவது மிதியில்தான் உள்ளே இருக்கும் பிரேக் கட்டை விரிந்து, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மைப் பிடிக்கும். ஓடையில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து வழுக்கும். அதனால் கொஞ்ச தூரம் பிரேக்கில் லேசாகக் காலை வைத்தபடியே ஓட்டுவார். ஏன் இப்படி ஊர்ந்து போகிறாய் என்று யாராவது கேட்டால், "காய வெச்சிகினு கீறேன்" என்று பதில் வரும். ஒரு ஆயுசு முழுக்க இப்படி ஓட்டிவிட்டால், மூளை என்ன சொன்னாலும் கால் கேட்காது.

அந்த வண்டியை விட்டதற்குக் காரணம் ஒரு புளிப் பாரம். பங்குனி வெயில், தலைக்கு மேல் மூட்டை. பாதி மலை இறங்கும்போதே பின் சக்கரத்திலிருந்து கருகிய வாடை வந்தது. அடுத்த வளைவில் இரண்டு மிதி போதவில்லை, மூன்று போதவில்லை, நாலாவது மிதியில் பெடல் தரையைத் தொட்டுக்கொண்டு அங்கேயே கிடந்தது. கியரை இறக்கி, மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியை உரசிக்கொண்டே போய் நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஈஸ்வரி மெதுவாகக் கீழே இறங்கி, புகைகிற சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே இந்த வண்டியில நான் ஏற மாட்டேன். நீயும் ஏறாத" என்றாள். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூட பூபாலன் தாங்கியிருப்பார்.

புது பிக்கப் வந்தது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டீக்கடையில் இதைப் பற்றி அவர் ஒரு பிரசங்கமே செய்வார். "டிரம்மு மூடி போட்ட சட்டி. சூடு உள்ளயே கெடக்கும். டிஸ்க்கு தெறந்த தட்டு. காத்து பட்டா ஆறிடும்." சற்று நேரம் கழித்து, கேட்கிற ஆள் மாறினால், பேச்சும் மாறும். "ஆனா மூடி போட்ட சட்டியில தூசி வுழாது பாரு." ரெண்டும் ஒரே வண்டியில் இருப்பது ரெண்டு பொண்டாட்டிக்காரன் குடும்பம் மாதிரி என்று ஒருநாள் ஈஸ்வரி காதுபடச் சொல்லிவிட்டார். "ஒருத்திக்கே பதில் சொல்ல முடியல, பேச்சப் பாரு" என்று அவள் அதை அங்கேயே முடித்து வைத்தாள்.

வண்டி மாறியது, கால் மாறவில்லை. அதுதான் வினை. டிஸ்க் பிரேக் தொட்டவுடன் பிடித்துவிடும். முதல் மிதியிலேயே வண்டி நின்று போகிற நிலையில், கால் தன் பாட்டுக்கு எழும்பி இரண்டாவது மிதியைப் போடும். பின்னால் நிற்கிற சந்தைப் பெண்கள் கூடையோடு கேபினில் வந்து மோதுவார்கள். தலைவலி, தக்காளிச் சேதம், வாய்ச்சண்டை. "யோவ், வண்டி ஓட்டுறியா, எங்கள சாமை மாதிரி பொடைக்கிறியா?" என்றாள் குப்பம்மா. அடுத்த சந்தைக்கு அவளும் அவள் கூட்டமும் பஸ்ஸுக்குப் போய் நின்றார்கள். பூபாலனுக்கு அது அவமானமாகத்தான் இருந்தது.

இப்போது குப்பம்மா கூட்டம் திரும்பி வந்துவிட்டது. கூடையைப் பிடிக்காமலே நின்று வருகிறார்கள். அதற்குக் காரணம் செல்லி அத்தையின் மாடு.

செல்லி அத்தைக்கு இருப்பது அந்த ஒரே மாடுதான். அதன் பாலில்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது. ஒரு முகூர்த்த நாள் காலையில் மாட்டுக்கு வலி எடுத்தது, கன்று வரவில்லை. பார்க்க வந்த மாட்டு டாக்டர் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "கன்னு குறுக்க கெடக்குங்க. அடிவாரத்துல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க. வழியில மாடு மட்டும் வுழக்கூடாது. வுழுந்தா தாயும் தங்காது, கன்னும் தங்காது" என்றார். மலையிலிருந்த மற்ற வண்டிகளெல்லாம் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டன. அத்தை மாட்டை மெதுவாக நடத்திக்கொண்டு பூபாலன் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"வேற வண்டி இருந்தா உன்கிட்ட வந்திருக்க மாட்டேன், பூபாலா. நீ நிறுத்துற நிறுத்துக்கு என் மாடு நிக்காது."

அவர் வீட்டுக்குப் பின்னால் போனார். விற்க மனசு வராமல் பழைய வண்டியை அங்கேதான் வைத்திருந்தார். கதவைத் திறக்கிற சத்தம் கேட்டு ஈஸ்வரி ஓடி வந்தாள்.

"இன்னாயா, அத எதுக்குத் தெறக்குற?"

"இதுல போனா மாடு நிக்கும். என் காலு இதுக்குத்தான் பழக்கம்."

"உன் காலு நிக்கும். டிரம்மு நிக்குமா? பாதி மலையில பொகைஞ்சா, மாட்டோட அத்தையும் சேந்து போவும்."

பூபாலன் கதவைப் பிடித்தபடி நின்றார். கால் பழகிய வண்டியின் பிரேக்கை நம்ப முடியாது. பிரேக்கை நம்பலாம் என்கிற வண்டியில் தன் காலை நம்ப முடியாது. வாசலில் மாடு முனகியது. ஈஸ்வரி போய்ப் புது வண்டியின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மேட்டை ஒட்டி வண்டியை நிறுத்தி, தளத்தில் மணலும் வைக்கோலும் பரப்பி மாட்டை ஏற்றினார்கள். அத்தை அதன் கழுத்தை அணைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். முதல் வளைவில் பூபாலன் பிரேக்கைத் தொட்டார், வண்டி பிடித்தது. தொடை தானாக எழும்பியது.

"போதும்" என்றாள் ஈஸ்வரி.

கால் அந்தரத்தில் நின்று, மெதுவாக இறங்கியது. அடுத்த வளைவிலும் அவள் "போதும்" என்றாள். அதற்கடுத்ததிலும் சொன்னாள். குழந்தைக்குச் சோறு போடுகிறபோது சொல்கிற அதே குரல். எதிரே பஸ் வந்த இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் நடுங்கியது. பாதி மலை இறங்குவதற்குள் பூபாலன் குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு விரல்களால் மட்டும் அழுத்தப் பழகியிருந்தார். முதுகெல்லாம் வியர்வை. பின்கண்ணாடி வழியாக அத்தையின் குரல் கேட்டுக்கொண்டே வந்தது. "நில்லும்மா, நில்லு. இதோ வந்துடுச்சு." மாட்டிடம் சொன்னாளா, பூபாலனிடம் சொன்னாளா தெரியவில்லை. இருவருமே கேட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் பலகை போட்டதும் மாடு தன் காலாலேயே இறங்கி உள்ளே நடந்தது. பூபாலன் என்ஜினை அணைத்தார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், இருக்கையை விட்டு எழவில்லை. ஈஸ்வரி டீ வாங்கி வந்தாள்.

"எறங்கி வந்து குடி."

"இருக்கட்டும்."

"இன்னா இருக்கட்டும்? வண்டி இன்னா ஓடிடவா போவுது?"

அவர் டீயைக் கையில் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. உள்ளே யாரோ கயிறு கேட்டார்கள். இன்னொருவர் வாளியோடு ஓடினார். அப்புறம் வெகுநேரம் சத்தமே இல்லை. டீ ஆறி ஆடை படிந்தது.

கடைசியில் செல்லி அத்தை வந்தாள். முழங்கை வரைக்கும் ஈரம், சேலையெல்லாம் வைக்கோல். வண்டிக் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"கெடேரிக் கன்னு, பூபாலா. ரெண்டும் நல்லா கீது. தாயி நக்க ஆரம்பிச்சிடுச்சு."

பூபாலனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை. ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்து, டம்ளரை ஈஸ்வரியிடம் நீட்டினார். பிறகு குனிந்து, மரத்துப்போயிருந்த வலது காலை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கி, பிரேக்கிலிருந்து கீழே இறக்கி வைத்தார்.