செஞ்சிப் புகைக்கு வயசாகும்போது

காற்றில் பறக்கிற கரியை அளப்பது என் வேலை என்று சொன்னால், கேட்டவர் முதலில் என்னைப் பார்ப்பார், பிறகு வானத்தைப் பார்ப்பார், அதற்கப்புறம் "சரி, நிரந்தர வேலை எப்போ கிடைக்கும்?" என்று கேட்பார். யாருக்கும் விளங்காத ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டு, போகிற கல்யாண வீட்டிலெல்லாம் அதை விளக்கிச் சொல்லி ஓய்ந்துபோனவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஷாகிரா பானு. பி.எஸ்ஸி. பௌதிகம். ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக ஆறு வருஷமாக இரண்டு கருவிகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்று செஞ்சி டவுனில், ஒரு வீட்டு மொட்டைமாடியில். இன்னொன்று செஞ்சிக்குக் கிழக்கே மேல்சித்தாமூரில். மேற்கிலிருந்து காற்றடிக்கிற மேல்காத்து மாதங்களில் செஞ்சிப் புகை அந்தப் பக்கம்தான் போகும். கிளம்பும்போது அது எப்படி இருக்கிறது, போய்ச் சேரும்போது எப்படி மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

பாலித்தீன் பை

டவுன் கருவி இருக்கும் வீட்டுக்காரர் வேலாயுதம், ரிட்டயர் ஆனவர். கருவி நாள் முழுக்க "உம்ம்" என்று சத்தம் போடுவது அவருக்குப் பிடிக்காது. ஒரு வாரம் டவுன் அளவுகள் திடீரென்று சுத்தமாகிவிட்டன. பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் போன் செய்து, செஞ்சிக் காற்று மலை உச்சிக் காற்று மாதிரி இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார். ஓடிப்போய் மாடி ஏறினேன். காற்று உள்ளே போகிற குழாயின் வாயில் ஜவுளிக்கடை பை ஒன்று, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

ஒரு வாரத்து உழைப்பு வீண். அழுகையை அடக்கிக்கொண்டு கீழே வந்து, ஏன் சார் இப்படிப் பண்ணீங்க என்று கேட்டேன். பேப்பரை மடக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நீ அந்த மிஷினைக் கொண்டாந்து வெக்கிறதுக்கு முன்னாடி இந்தத் தெருவுல புகையே கெடையாதும்மா."

போன புகை

குணசேகர் செஞ்சியில் அரிசி மில் வைத்திருப்பவர். நெல் அவிக்கிற கொதிகலனுக்கு உமிதான் எரிபொருள். தெருவில் கரி விழுகிறது என்று ஜனங்கள் சண்டைக்குப் போனதும் புகைபோக்கியை உயர்த்திக் கட்டினார். தெரு சுத்தமானது. என் டவுன் கருவியிலும் அளவு குறைந்தது. அதை வைத்தே, புகைப் பிரச்சினை தீர்ந்துவிட்டது, இரண்டாவது கொதிகலன் வைக்க அனுமதி வேண்டும் என்று மனுப் போட்டார். மனுவோடு என் அளவுகளின் நகல். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேராக மில்லுக்கே போனேன். உட்கார வைத்து மோர் கொடுத்தார், அதில் குறை சொல்ல முடியாது. புகை தீரவில்லை, ஊர்தான் மாறியிருக்கிறது என்று ஆரம்பித்தேன். புகைபோக்கியிலிருந்து புதிதாக வருகிற கரித்துகள் கண்ணுக்குத் தெரியாத மணிகளைக் கோத்த சங்கிலி மாதிரி இருக்கும். காற்றில் போகப் போக, அதாவது வயசாக ஆக, கந்தக ஆவியும் எண்ணெய்ப் பசையும் அதன்மேல் படியும். சங்கிலி சுருண்டு உருண்டையாகும், மேலே ஒரு பூச்சு வந்துவிடும். அந்தப் பூச்சு பூதக்கண்ணாடி போல வெயிலைக் கூட்டி உள்ளே இருக்கிற கரிமேல் விடும். கரி அதேதான், ஆனால் முன்னைவிட அதிகமாக வெயிலைக் குடித்து, சுற்றியிருக்கிற காற்றையும் சூடாக்கும்.

அவர் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார்: "கரிக்கு வயசானா இன்னும் கறுப்பாவுதா? எனக்கு எல்லாம் வெளுத்துப் போச்சேம்மா."

பீடி

மேல்சித்தாமூர்க் கருவி பத்மாவதி அக்கா வீட்டு மாடியில் இருக்கிறது. தெரு முழுக்கவே ஜைனக் குடும்பங்கள். நெல்லும் மணிலாக்கொட்டையும் பயிர். அவர் கணவர் தரணேந்திரனுக்குச் சில வருஷமாக மூச்சு இழுப்பு. மேல்காத்து மாதங்களில் சாயங்காலமானால் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். வியர்த்துக் கொட்டும். கதவைத் திறந்தால் இருமல். கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் கறுப்புப் புள்ளிகளை அக்கா எனக்குக் காட்டியிருக்கிறார்.

ஒருநாள் அவருக்கு இழுப்பு அதிகமாகி, நான் வந்திருந்த ஆட்டோவிலேயே ஏற்றி ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். பீடியைக் கையால் தொட்டறியாத மனிதர் அவர். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார், எடுத்தார், சீட்டில் எழுத ஆரம்பித்தார். பழக்கமெல்லாம் கிடையாது என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் புகையைப் பற்றிச் சொன்னேன், இந்த நேரத்தில்தான் வருகிறது, அளந்து வைத்திருக்கிறேன் என்று. டாக்டர் நிமிரவே இல்லை. சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது அக்காவிடம் சொன்னார்: "எல்லா வீட்டம்மாவும் இப்படித்தாம்மா சொல்றாங்க, மொதல்ல பீடியை நிறுத்தச் சொல்லுங்க."

மடியில் கருவி

ஒவ்வொரு கருவியிலும் இரண்டு வழி உண்டு. ஒன்றில் காற்று வந்தபடியே போகும். இன்னொன்றில் சூடான குழாய் வழியாகப் போகும், அந்தச் சூட்டில் கரியின் பூச்சு ஆவியாகிவிடும். பூச்சோடு எவ்வளவு ஒளி குடிக்கிறது, பூச்சில்லாமல் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். செஞ்சியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. மேல்சித்தாமூரில் சாயங்காலம் பொழுது சாய்ந்ததும் பூச்சுள்ள கரி குடிக்கிற ஒளி எங்கேயோ உயரத்தில் போய் நின்றது. பேராசிரியர் நம்பவில்லை. கிராமத்துக் கருவியில் கோளாறு, அந்தச் சாயங்கால அளவுகளை எடுத்துவிடலாம் என்றார்.

எடுத்துவிட்டால் குணசேகருடைய மனுதான் மிஞ்சும். ராத்திரி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன், இரண்டு கருவியையும் இடம் மாற்றி வைப்பது. பல்கலைக்கழகத்து வண்டி கேட்டேன், இல்லை என்றார்கள். பஸ்ஸில் ஏறினேன். சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம் கருவி அடிபடாமல் இருக்க மடியில் வைத்து அணைத்துக்கொண்டேன். கண்டக்டர் என்னம்மா குழந்தையா என்று எட்டிப் பார்த்தார். இரண்டு நடை. தொடை இரண்டும் கன்றிப்போய், மறுநாள் தொழுகையில் உட்கார்ந்து எழ முடியவில்லை.

இடம் மாற்றிய பிறகும் செஞ்சியில் செஞ்சி அளவுதான் வந்தது, மேல்சித்தாமூரில் மேல்சித்தாமூர் அளவுதான் வந்தது. கோளாறு கருவியில் இல்லை. சந்தோஷத்தோடு பேராசிரியருக்குப் போன் செய்தேன். இரண்டு ஊர் அளவுகளையும் இன்னொருமுறை படிக்க வைத்தார். பிறகு சொன்னார்: "சரி, கருவி நல்லாத்தான் இருக்கு, நீங்க நேரத்தை ஒழுங்கா எழுதினீங்களா ஷாகிரா?"

யார் வீட்டு அடுப்பு

இரண்டாவது கொதிகலனுக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். பேராசிரியர் வரவில்லை, அளவுகளைக் காட்டிக்கொள்ளுங்கள் என்று மட்டும் அனுமதி கொடுத்தார். அளவுத்தாள்களோடு போனேன். மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரி. முன்வரிசையில் குணசேகரும் மில் ஆட்களும். கடைசி வரிசையில் பத்மாவதி அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார்.

நான் பேச ஆரம்பித்ததும் அதிகாரி தாள்களைப் புரட்டினார். செஞ்சியைவிட மேல்சித்தாமூரில் கரியின் எடை குறைவாகத்தானே இருக்கிறது என்றார். எடை குறைவுதான் சார், ஆனால் ஒவ்வொரு துகளும் அதிக வெயிலைக் குடிக்கிறது என்றேன். அப்படியே இருந்தாலும் அது மில் புகை இல்லை என்றார். கிராமம் என்றால் சாயங்காலம் விறகு அடுப்பு எரியும், பெண்கள் சமைப்பார்கள், அந்தப் புகையைத்தான் உங்கள் கருவி பிடித்திருக்கிறது என்று எனக்கே பாடம் எடுத்தார். முன்வரிசை தலையாட்டியது. அடுப்புப் புகை புதுக் கரி, அதில் இவ்வளவு பூச்சு இருக்காது என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. மைக்கை என் கையிலிருந்து வாங்கிவிட்டார்கள்.

அப்போது அக்கா எழுந்தார். மைக் கேட்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வயலில் ஆளைக் கூப்பிடுகிற குரலில் பேசினார். பேசி முடித்ததும் அதிகாரி பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்: "எங்க தெருவுல பொழுது சாயறதுக்கு முன்னாடியே சாப்ட்டு முடிச்சி அடுப்பைக் கழுவிடுவோம் சார், இருட்டுனா தண்ணி கூட காய வெக்க மாட்டோம், அதுக்கப்புறம் வர்றது யார் வீட்டு அடுப்புப் புகைன்னு நீங்கதான் சொல்லணும்."

நன்றி

அனுமதி நின்றுபோனது. புகையிலேயே கரியைப் பிடிக்கிற சாதனம் பொருத்தினால்தான் மேற்கொண்டு பேச்சு என்று உத்தரவு வந்தது. குணசேகர் பொருத்திவிட்டார். அதை என்றைக்கு ஓட்டுகிறார், என்றைக்கு ஓட்டுவதில்லை என்பது அவருக்கும் தெரியும், என் கருவிக்கும் தெரியும். இந்த மேல்காத்தில் தரணேந்திரன் சில சாயங்காலங்கள் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். மற்ற நாட்களில் கதவு சாத்தித்தான் இருந்தது. சாதனம் ஓடாத நாட்களைத் தேதிவாரியாக எழுதி மாதாமாதம் அதிகாரிக்கு அனுப்புகிறேன். பதில் வந்ததில்லை, நான் நிறுத்தவும் இல்லை.

ஆராய்ச்சிக் கட்டுரையும் வெளியானது. அந்தச் சாயங்கால அளவுகள்தான் கட்டுரையின் உயிர். கருவிகளை இடம் மாற்றிச் சோதித்ததற்குத் தனியாக ஒரு பத்தியே இருந்தது. ஆசிரியர்கள் பட்டியலில் செஞ்சிப் பக்கமே வராத பேர்களெல்லாம் இருந்தன, என் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், களத்தில் உதவிய "திரு. சாகர் பானு" அவர்களுக்கு நன்றி என்று போட்டிருந்தது. பேராசிரியருக்குப் போன் செய்து, சார், நான் திரு இல்லை, சாகரும் இல்லை என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை: "பானு சரியாத்தானே இருக்கு?"

ஆறு வருஷத்தில் நான் சந்தேகமில்லாமல் அளந்து முடித்தது ஒன்றுதான்: எங்கள் ஊரில் புகைக்குச் சொந்தக்காரர் என்று யாரும் கிடையாது, அதை அளந்து சொல்கிறவளுக்கு மட்டும், பழியைக் கொண்டுவந்து சேர்க்க, விலாசம் உண்டு.