ஜட்காக் குதிரையின் வாய்

குதிரைக்கு வாயில் இரும்பு போடலாமா கூடாதா என்று யாராவது என்னிடம் கேட்டால், எந்த இரும்பு, அதை யார் கை இழுக்கப்போகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். பத்து வயதில் ஒரு குதிரையின் வாயைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அப்போது எங்களுக்குக் கிளியூரில் கொஞ்சம் ராகிக் காடும், நாலு பலா மரமும், ஒரு ஜோடி உழவு மாடும் இருந்தன. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமன், எங்களோடுதான் இருந்தார். மாட்டின் பின்னால் நடப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். ஏற்காட்டு ஏரிக்கரையில் சீசனுக்கு வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றிச் சுற்றுகிறார்களே, அவர்களைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய்விட்டார். மறுநாள் ஜட்கா வண்டியிலிருந்து அவிழ்த்த ஒரு செவலைக் குதிரையோடு மலைப்பாதை வளைவு அத்தனையும் நடந்தே ஏறி வந்து சேர்ந்தார். அவரும் குதிரையும் ஒரே மாதிரி மூச்சு வாங்கினார்கள்.

"கல்லு வாய்க் குதிரையாமுங்க அக்கா. சாதா இரும்புக்கு நிக்காதாம். அதான் முள்ளு வச்ச கடிவாளமும் சேத்திக் குடுத்துட்டாங்க" என்றார். ஏதோ கொசுறாகக் கிடைத்த பழம் போலச் சொன்னார்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே அந்தக் கொசுறின் லட்சணம் தெரிந்துவிட்டது. வெள்ளைக் கவுன் போட்ட ஒரு பட்டணத்துப் பிள்ளையை மாமன் குதிரைமேல் உட்கார வைத்து, கடிவாளத்தைப் பிடித்து நடத்தினார். செவலை தலையை உதறியது. இவர் இழுத்தார். அது இன்னொரு தரம் உதறிய உதறலில், ரத்தம் கலந்த நுரை அந்தக் கவுனெல்லாம் தெறித்தது. பிள்ளையின் தாய் போட்ட சத்தத்தில் ஏரியில் இருந்த படகெல்லாம் திரும்பிப் பார்த்தது.

கரையில் குதிரை விடுகிறவர்களில் மூத்தவர் ஒருவர் வந்தார். "ஏனப்பா, ரத்தங் கக்கற குதிரைய இங்க நிறுத்துனா எங்க குதிரை மேலயும் எவன் ஏறுவான்? அடுத்த ஞாயித்துக்கெழம வாய் சுத்தமா வந்தா நில்லு. இல்லீன்னா சேலத்துக்கே ஓட்டீட்டுப் போயிரு."

சேலத்துக்கு என்றால் மறுபடி அந்த ஜட்காக்காரனிடம். அதற்குள் நானோ செவலை என் குதிரை என்று ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து மாமன் கடிவாளத்தைக் கழற்றும்போது கிட்டே நின்று பார்த்தேன். வாய்க்குள் கிடக்கும் இரும்பில் பலாப்பழத் தோல் மாதிரி முள். நாக்கு கிழிந்திருந்தது. கடைவாய் இரண்டும் வெந்த புண். வலிக்குப் பயந்து ஓடினால் வலி வாயிலேயே கூட ஓடி வருகிறது, அப்புறம் அது எங்கே போய் நிற்கும்? நிற்காத குதிரை என்று பேர் வைத்து, இன்னும் இழுத்திருக்கிறார்கள்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. அப்பாவுக்குத் தெரிந்தது மாடு. "மூக்கக் குத்திக் கயித்தப் போட்டா முடிஞ்சுது" என்றார்.

"ஏனுங்க, குதிரைக்கு எவனாச்சும் மூக்குக் குத்துவானா? அப்படியே காதுக்கும் ஒரு தோடு போட்டுரலாமுங்களா?" என்றாள் அம்மா.

மாமன் முள்ளின் மேல் துணியைச் சுற்றிப் பார்த்தார். அரை நாளில் முள் துணியைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. முள்ளில்லாத வழவழ இரும்பு வாங்கலாம் என்றார். புண்மேல் வழவழ இரும்பு மட்டும் என்ன பூவா? கடைசியில், "இந்த ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் இதையே போட்டு ஓட்டிக்கலாம், வாயத் தண்ணி ஊத்திக் கழுவிக் கூட்டீட்டுப் போறேன்" என்று முடிவு செய்தார்.

வெள்ளிக்கிழமை கடிவாளத்தைக் காணவில்லை.

"எங்க கண்ணு அது?"

"கிளியூர் அருவியில போயிருச்சுங்க மாமா."

"தானா நடந்து போச்சா?"

"இல்லீங்க. நாந்தான் கொண்டுபோய் உட்டுட்டு வந்தேன்."

மாமன் அடிக்கப் புளிய விளாரை எடுத்தார். அம்மா நடுவில் வந்து நின்றாள். "தொட்டுப் பாரு. அப்பறம் உனக்கு எவ சோறு போடறான்னு நானும் பாக்கறேன்."

மலையில் வேறு கடிவாளம் கிடைக்காது. நார்க்கயிறு முகத்தை அறுக்கும் என்று அம்மா தன் பழைய நூல் சேலை ஒன்றைக் கிழித்து, மூன்று புரியாகப் பின்னி, கன்றுக்குட்டிக்குக் கட்டுகிற மாதிரியே செவலையின் மூக்குத் துளைக்கு ஒட்டினாற்போல் சுற்றிக் கட்டினாள். மாமன் ஏறினார். பத்தடி போனதும் ஓர் இழுப்பு இழுத்தார். செவலை இரண்டு காலில் எழுந்து நின்றது. மாமன் எங்கள் குப்பைக்குழியில் கிடந்தார்.

"மாப்பிள்ளை, உள்ள வெதுவெதுன்னு இருக்குங்களா?" என்று கேட்ட அப்பாவால் சிரிப்பில் நிற்க முடியவில்லை.

"இது நொம்பக் கெட்ட குதிர. நாளைக்கே சேலத்துக்கு எறக்கீர்றேன்" என்றார் மாமன், சாணி அப்பிய வாயோடு.

நான் குதிரையைத்தான் பார்த்தேன். மூக்கு இரண்டும் விரிந்து சிவந்து துடித்தன. மாட்டுக்கு மூக்கடைத்தால் வாயால் மூச்சு விடும். இது அப்போதும் வாயைத் திறக்கவேயில்லை. குதிரைக்கு மூக்கு ஒன்றுதான் வழி. அதைத்தான் நாங்கள் கட்டி அடைத்திருக்கிறோம். கயிறு கிடந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். காது மடல் மாதிரி மெத்தென்று இருந்தது. மேலே போகப்போக எலும்பு.

"அம்மா, மேல எலும்பு மேல கட்டு. இங்க கட்டுனா மூச்சு நிக்குது."

அம்மா கயிற்றை நாலு விரற்கடை மேலே ஏற்றி, இரண்டு விரல் நுழையும்படி விட்டுக் கட்டினாள். மாமன் கிட்டேயே வரவில்லை. நான் ஏறினேன். பிடித்து இழுத்தேன், அதுவும் எதிர்த்து இழுத்தது. பக்கத்துக் காப்பித் தோட்டத்துக்குள் இரண்டு பேரும் நுழைந்துவிட்டோம்.

"இழுத்துக்கிட்டே கெடந்தா அதுக்கு என்ன வெளங்கும்?" என்று அம்மா வேலிக்கு அந்தப்புறமிருந்து கத்தினாள். "இழு! நின்னா உடு! உட்டாத்தானே நின்னது சரின்னு தெரியும்!"

இழுத்தேன். நின்றது. உடனே விட்டேன். அப்படியே நின்றது. கல்லு வாயாம், கல்லு வாய்! கல்லாக இருந்தது எங்கள் கைதான்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் அந்த மூத்தவர் செவலையைப் பார்த்து இடுப்பில் கை வைத்தார். "கடிவாளமே இல்ல. ஏரிக்குள்ள எறங்கீருச்சுன்னா?"

"எறங்காதுங்க" என்றேன் நான்.

"உன்னய ஆரு கேட்டா? ஏறு பாக்கலாம்."

ஏறினேன். கரையோரம் போனேன். எதிரே பஸ் ஆரன் அடித்துக்கொண்டு வந்தது. செவலையின் உடம்பு விறைத்தது. கயிற்றை ஒரு தரம் இழுத்து விட்டேன். நின்றது. பஸ் போனது. மூத்தவர் வந்து தானே அதன் உதட்டை விலக்கிப் பார்த்தார். புண் பொருக்குத் தட்டியிருந்தது, ரத்தம் இல்லை. மாமனிடம், "அந்த ஓரத்துல நிறுத்திக்க" என்று மட்டும் சொன்னார். மற்றவர்கள் சேலைக் குதிரை என்று கேலி பேசினார்கள். சீசன் முடிவதற்குள் அவர்களில் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்து, "ஏனுங்கக்கா, அந்த மாதிரி ஒண்ணு பின்னித் தர்றீங்களா?" என்று தலையைச் சொறிந்ததை நான் மறக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் செவலை என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது. காலையில் சேலைக் கயிற்றோடு கையை அதன் முகத்துக்குத் தூக்கினால் போதும், பல்லெல்லாம் தெரிய வாயைத் திறக்கும். நான் ஒரு துண்டு வெல்லத்தை உள்ளே போடுவேன். கிளியூர்ப் பிள்ளைகளையெல்லாம் கூட்டி வந்து காட்டினேன். எவளுக்கு இருக்கிறது சிரிக்கிற குதிரை?

காப்பிப் பழம் பறிக்கிற காலம். ஒருநாள் கயிற்றைத் தூக்கினேன். செவலை வாயைத் திறக்கவில்லை. தலையைத் தாழ்த்தி, மூக்கைத் தானே கயிற்றுக்குள் விட்டுக்கொண்டு பேசாமல் நின்றது. மறுநாளும் அப்படியே. வெல்லத்தைக் காட்டினேன். மூடிய உதட்டாலேயே நாசூக்காக எடுத்துக்கொண்டது. குதிரைக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று அம்மாவிடம் போய் அழுதேன். அம்மா அதன் கடைவாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "போவுது, உடு சாமி" என்றாள். அவளும் குதிரையின் கட்சி என்று அவளிடமும் கோபம்.

வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அது சிரிப்பே இல்லை, இரும்பு வருமென்று தினமும் வாயைத் திறந்து கொடுத்திருக்கிறது. இனி வராது என்று அன்றைக்குத்தான் அதற்கு நம்பிக்கை வந்திருக்கிறது. அது தெரியாமல் நான் அதோடு இரண்டு நாள் பேசவில்லை.