குழறும் பெட்டி

புதிதாக நான் வாங்கிவந்த பெட்டியைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏண்டா, நீலாய் ஃபேக்டரியில நாளெல்லாம் இரைச்சல் கேக்கறது பத்தாதா? வீட்லயும் வேணுமா?"

என் மோடுலர் சிந்தசைசரைத்தான் சொல்கிறார். பாகம் பாகமாக வாங்கிப் பூட்டி, ஒயர் இழுத்து சத்தம் உண்டாக்கும் இசைக்கருவி அது. அதன் புதுப் பாகமான இந்தப் பெட்டி உள்ளங்கை அகலம்தான். உள்ளே போகிற சத்தத்தைக் கொஞ்சம் தாமதித்துத் திருப்பித் திருப்பிச் சொல்லும். ஒரு குமிழைத் திருகினால் கரகரவென்று உடைத்தும் கொடுக்கும். நல்ல சத்தத்தைக் காசு கொடுத்துக் கெடுக்கும் பைத்தியம் எங்கள் ஊர் லோபாக்கிலேயே நான் ஒருத்தன்தானாம்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பா யாரிடமும் பேசுவதில்லை. பேச வரும், ஆனால் குழறும். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களின் பேரை அவர் கூப்பிட்டால் கடைசி வீடு வரை கேட்கும். அந்த வாய் குழறுவதா என்று ரோஷம். பேசப் பேசத்தான் சரியாகும், விட்டால் இருப்பதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியும் வெறும் தலையாட்டல்தான். எனக்கு ஆத்திரமாக வரும். அம்மா வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலில் மைக்கைச் செருகி, "ஹலோ" என்றேன். "ஹலோ… லோ… லோ…" என்று உடைந்த தொண்டையில் திரும்பி வந்தது. அப்பா சிரித்துவிட்டார்.

"இதுல யாரு பேசினாலும் கொழறத்தான் செய்யும்பா. நீங்க பேசிப் பாருங்க லா" என்று மைக்கை நீட்டினேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. கேலி என்று நினைத்துவிட்டால்?

அவர் இடது கையால் வாங்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"புள்ள" என்றார். அம்மாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"புள்ள… புள்ள… புள்ள…" என்று வீடு முழுக்கக் கேட்டது.

"வர்றேன், வர்றேன்! ஒரு தடவ கூப்ட்டா காதுல விழாதா? எத்தன தடவ கூப்புடுவீங்க?" என்று சிடுசிடுத்துக்கொண்டே வந்த அம்மா, அப்பா கையில் மைக்கைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

நான் சட்டென்று பெட்டியை அணைத்தேன்.

"கோப்பி" என்றார் அப்பா. குழறல்தான், ஆனால் நன்றாகவே புரிந்தது.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரியா கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."