பசியாறியாச்சா, அக்கா?

அன்று காலை தனலெட்சுமி அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. டிங்கிக் காய்ச்சலோடு ஈப்போவில் மருத்துவமனையில் இருந்தவர் வீட்டுக்கு வந்துவிட்டார் போலும் என்ற மகிழ்ச்சியில், எடுத்தவுடனேயே, "பசியாறியாச்சா அக்கா?" என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் அழுதது அவருடைய தம்பி குமரேசன். அக்கா போய்விட்டார்.

மலேசியாவில் எங்கள் பக்கம் காலை உணவுக்குப் பசியாறுதல் என்று பெயர். வணக்கம் சொல்வதற்குப் பதில் அதைத்தான் கேட்போம்; பதிலை யாரும் காதில் வாங்குவதில்லை. அக்காவிடம் மட்டும் பதில் வராமல் நான் போனை வைத்ததில்லை. காரணத்தை அவரே ஊரறியச் சொல்லிவிட்டதால் நானும் இங்கே எழுதலாம்.

அக்கா பிறந்தது பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். தோட்டம் கைமாறியதும் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. செமோர் அருகே நான் படிப்பிக்கும் தமிழ்ப்பள்ளியில் அவர் அலுவலகக் கிராணி, அதாவது எழுத்தர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். இடைவேளை மணி பழுதான நாளில் அவர் வாசலில் நின்று "ரெசஸ்!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் பள்ளி முழுக்கக் கலைந்து ஓடும்.

விருந்துகளில் அவர் கொறிப்பதோடு சரி. "காத்தைக் குடிச்சா இந்த உடம்பு?" என்று முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். கேட்டவர்களைவிட உரக்க அவர்தான் சிரிப்பார்.

பள்ளி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், ஒரே கடையில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று நாசி லெமாக் சோறு, கரிபாப், கேக் என்று வெவ்வேறு கடைகளில் வாங்கி, சாலையோர மர நிழலில் காரை நிறுத்தி, வயிறு வலிக்கும்வரை தின்றிருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. பின்னாளில் சொன்னார்: "பசிக்கவும் இல்ல கமலா, ருசியும் தெரியல. கை பாட்டுக்குப் போயிட்டே இருக்கும். அழுதுக்கிட்டே தின்னிருக்கேன்."

மறுநாள் வெட்கத்தில் பட்டினி கிடப்பார். அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் விரதம். தைப்பூசம் வந்தால் மற்றவர்களுக்கு முன்பே தொடங்கி ஒருவேளை மட்டும் உண்பார். "அக்காவுக்கு என்ன மனக்கட்டுப்பாடு!" என்று ஆசிரியர் அறையே மெச்சும். விரதம் முடிந்த கையோடு கார் மறுபடியும் அந்த மர நிழலில் நிற்கும். முருகன் தன்னைக் கைவிட்டுவிட்டான் என்றே நினைத்தாராம்.

முட்டி வலிக்காகக் கிளினிக்குப் போனவரிடம் ஓர் இளம் மலாய்ப் பெண் மருத்துவர், "சாப்பிடத் தொடங்கினால் நிறுத்த முடிகிறதா?" என்று கேட்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. இதுவும் ஒரு நோய், சிகிச்சை உண்டு என்று சொல்லி, மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லியிருக்கிறார்.

அக்கா என்னை நோட்டுப் புத்தகங்கள் அடுக்கிய அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். "என்னையத் தஞ்சோங் ரம்புத்தான் கேசாக்கிட்டாங்க லா" என்று சிரித்தார். மனநல மருத்துவமனை இருக்கிறது என்பதற்காகப் பக்கத்து ஊர்ப் பெயரையே பைத்தியத்துக்கு மறுபெயராக்கி வைத்திருக்கும் ஆட்கள் அல்லவா நாம்! சிரிப்பு பாதியில் உடைந்தது. "கூட வாரியா?" என்றார்.

"வாரேன்கா."

மனநலப் பிரிவில் காத்திருந்தபோது கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "போலாம் கமலா, யாராச்சும் பாத்துடுவாங்க." அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். நின்ற நிலையில் கொஞ்சம் யோசித்தவர், பையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் பார்த்த துணிச்சல்களில் அதுதான் பெரியது.

திரும்பி வந்தபோது முகத்தில் ஒரே குழப்பம். "நிறுத்த முடியலன்னு போனா, சாப்புடச் சொல்றாங்க லா! பட்டினி கெடக்கக் கூடாதாம். காலையில கட்டாயம் பசியாறணுமாம். பட்டினிதான் மறுபடி அப்படித் தின்ன வைக்குதாம்." காரில் ஏறியதும் ஒரு வேலை கொடுத்தார்: "தெனம் காலையில போன் பண்ணி, பசியாறியாச்சான்னு கேளு. என்ன, எவ்ளோன்னு கேட்டே, போனை வச்சிடுவேன்."

அப்படித்தான் தொடங்கியது. "ஆச்சு, ஆச்சு" என்று அவர் அதட்டும் காலைகள் உண்டு. பேச்சே வராத காலைகளும் உண்டு.

"நேத்து மறுபடியும் கார்ல..."

"சரிக்கா. இன்னிக்குப் பசியாறியாச்சா?"

"இல்ல."

"ஆறுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

குவளையில் கரண்டி மோதும் சத்தம் கேட்கும்வரை காத்திருப்பேன். அந்தச் சத்தத்துக்கு இன்று ஏங்குகிறேன்.

சிகிச்சை தொடரத் தொடர, கார் அந்த நிழலில் நிற்பது அபூர்வமாயிற்று. உடம்பு மட்டும் பெரிதாக இளைக்கவில்லை. அதைக் குத்திக் காட்டியவரிடம், "எளைக்கவா போனேன்? நிம்மதியா சாப்புடப் போனேன்" என்றார். பெற்றோர் கூட்டம் ஒன்றில் அதே பெரிய குரலில் எழுந்து பேசினார்: "இது கொழுப்பும் இல்ல, சோம்பலும் இல்ல, நோயி. வைத்தியம் இருக்கு. தனியாப் போக வெக்கமா இருந்தா சொல்லுங்க, நான் கூட வாரேன்." கூட்டம் கலைந்த பிறகும் ஓர் அம்மா அலுவலக வாசலிலேயே தயங்கி நின்றார். அக்கா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

எட்டாம் நாள் படையலுக்குப் போனேன். அக்காவின் படத்துக்கு முன்னால், நாசி லெமாக், கரிபாப், கேக் என்று இலை தெரியாமல் குவித்திருந்தார் குமரேசன். என்னால் பார்க்க முடியவில்லை.

"அக்காவுக்குப் புடிச்சதுதானே டீச்சர்?"

"புடிச்சுச் சாப்பிடல தம்பி. அழுதுக்கிட்டுச் சாப்பிட்டது."

 அவர் தன் கையாலேயே இலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். "அப்ப என்ன வைக்கறது?" என்று கேட்டார். அக்கா தானாகவே சொன்ன காலைகளை நினைத்து, தோசையும் தேங்காய்ச் சட்னியும், பால் சேர்க்காத தேநீரும் என்றேன். அவர் மனைவி சுட்டுக் கொண்டுவந்தார். புது இலையில் பச்சை நிறையத் தெரிந்தது.

"நீங்களே அக்காவைச் சாப்புடக் கூப்புடுங்க டீச்சர்."

படத்தருகே குனிந்து, வழக்கமான குரலில், "பசியாறியாச்சா அக்கா?" என்று கேட்டேன்.

பதில் வராமல் போனை வைக்கிற பழக்கம் எனக்கில்லையே. எழுந்திருக்க மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தேநீர் ஆறிப்போயிற்று. பிறகு நானாகத்தான் சொல்லிக்கொண்டேன்: ஆறியிருக்கும்.

போய் வாருங்கள், அக்கா.